பெங்களூருவின் புறநகர் ரயிலுக்கு யார் பொறுப்பு?

2025-26 நிதிநிலை அறிக்கையில் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை சுமார் 2.65 லட்சம் கோடி ரூபாய். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ரயில்வே அமைச்சர்கள் இவ்வளவு தொகையைக் கனவிலும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பணத்தின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. அகலப் பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் 2022 நவம்பரில் சென்னை, பெங்களூரு, மைசூரு வழியில் ஓடத் தொடங்கியது. பிறகு கோவைக்கும் மதுரைக்கும் பெங்களூருவிலிருந்து வந்தே பாரத் வந்தது. கன்டோன்மென்ட், யஷ்வந்த்பூர் நிலையங்கள் பல நூறு கோடி செலவில் புதிதாகக் கட்டப்படுகின்றன. சென்னையையும் மைசூருவையும் பெங்களூரு வழியாக இணைக்கும் 435 கிலோமீட்டர் அதிவேகப் பாதைக்கான திட்டமும் பேச்சில் இருக்கிறது. இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நகரத்தில் தினமும் காலை வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவருக்கு இந்த முதலீட்டில் கிடைத்த பங்கு என்ன என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. அவருக்கு வாக்களிக்கப்பட்டது புறநகர் ரயில். 2022 ஜூன் 20 அன்று அதற்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், நாற்பது ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்ததை நாற்பது மாதங்களில் முடித்துத் தருவதாகச் சொன்னார். 2025 அக்டோபரில் அந்தக் கெடு முடிந்தபோது நான்கு வழித்தடங்களில் ஒன்றில்கூட ரயில் ஓடவில்லை. இந்தத் தாமதத்துக்குப் பணத் தட்டுப்பாடோ பொறியியல் சிக்கலோ முதல் காரணம் அல்ல. புறநகர் ரயிலை மாநில அரசு ரயில்வேயின் வேலை என்கிறது, ரயில்வே மாநிலத்தின் வேலை என்கிறது. தேசிய ரயில் கட்டமைப்பின் ஓர் உறுப்பாக இதை ரயில்வே ஏற்று, கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் தானே பதில் சொல்லும் நிலை வராதவரை, இன்னும் எத்தனை கெடு வைத்தாலும் அவை இப்படித்தான் கடந்துபோகும்.

திட்டத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. பெங்களூருவுக்குப் புறநகர் ரயில் வேண்டும் என்று தென்னக ரயில்வேயின் ஆய்வுக் குழு பரிந்துரைத்தது ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வராக இருந்த காலத்தில், 1983-ல். அப்போது மெட்ரோவும் அதே பரிந்துரையின் பகுதியாகத்தான் இருந்தது. மெட்ரோ 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் இடையே ஓடத் தொடங்கி, 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது 96 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. புறநகர் ரயிலோ ஆய்வறிக்கைகளிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தது. 'சுக்கு புக்கு பேக்கு' (ரயில் வேண்டும்) என்று குடிமக்கள் இயக்கம் நடத்திய பிறகே அரசியல் கட்சிகளின் வாயில் புறநகர் ரயில் என்ற சொல் வந்தது. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சம்பிகே, மல்லிகே, பாரிஜாத, கனக என்று நான்கு வழித்தடங்கள். மொத்தம் 148 கிலோமீட்டர். செலவு 15,767 கோடி ரூபாய். மத்திய அரசு 20 விழுக்காடு, மாநில அரசு 20 விழுக்காடு, மீதி 60 விழுக்காடு கடன். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் கடன் தர முன்வந்தன. தேசிய ரயில் திட்டம் என்று 2020-ல் வெளியான வரைவு, தேவை எழும் முன்பே திறனை உருவாக்கிவைப்பதே தன் நோக்கம் என்று சொல்கிறது. சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கை 2030-க்குள் 45 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. தேவைக்கு முன்பே திறன் என்ற இந்த நல்ல விதியை நகரப் பயணிக்குப் பொருத்திப் பார்த்தால், பெங்களூருவில் தேவை எழுந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும் திறன் வந்து சேரவில்லை.

பணத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. புறநகர் ரயிலுக்கு 148 கிலோமீட்டருக்கு 15,767 கோடி. அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 106 கோடி. 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற மெட்ரோவின் மூன்றாம் கட்டத்துக்கு 44.65 கிலோமீட்டருக்கு 15,611 கோடி, கிலோமீட்டருக்குச் சுமார் 350 கோடி. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை கார்களுக்காக மாநில அரசு தோண்ட நினைக்கும் சுரங்கச் சாலை 17 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு 17,000 கோடிக்கு மேல், அதாவது கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கு மேல். ஏறக்குறைய ஒரே தொகைக்கு ஒரு சுரங்கம், அல்லது மூன்று மடங்கு நீளத்துக்கு மெட்ரோ, அல்லது ஒன்பது மடங்கு நீளத்துக்குப் புறநகர் ரயில். இந்த வித்தியாசத்துக்கு ரகசியம் எதுவும் இல்லை. ஜோலார்பேட்டைப் பாதை 1864-ல் வந்த காலத்திலிருந்தே ரயில்வே இந்த நகரத்தில் நிலம் வைத்திருக்கிறது. தும்கூரு, மைசூரு, ஓசூர், பங்காருபேட்டை, தொட்டபள்ளாபூர், தேவனஹள்ளி என்று எல்லாத் திசைகளிலும் அதன் பாதைகள் ஏற்கெனவே நகரத்தின் நெஞ்சுக்குள் வந்துசேர்கின்றன. புதிதாக வாங்க வேண்டிய நிலம் குறைவு, இடிக்க வேண்டிய கட்டடம் குறைவு. தனிப் பாதை, நிலையங்கள், சிக்னல், வண்டி ஆகியவற்றையே கூட்ட வேண்டும். கட்டுமானம் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் இந்த மலிவு கரைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் கவலை.

ஆள் ஏறுமா என்று கேட்பவர்கள் கோலார் தங்கவயலைப் பார்க்கலாம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது ஊருக்கு வேறு பிழைப்பு இல்லாமல் போனது. தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியுமுன் ரயிலேறி, சுமார் நூறு கிலோமீட்டர் கடந்து பெங்களூருவில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். அந்த ஊர் காலியாகாமல் காப்பாற்றியதில் அந்தச் சில வண்டிகளுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. இவர்களுக்காக எந்த நிறுவனமும் தனித் திட்டம் போடவில்லை. இருந்த பாதையில் வண்டி வந்தது, கூட்டம் தானாகச் சேர்ந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு அருகே 2021 ஜனவரியில் ஒரு சிறு ரயில் நிறுத்தம் திறக்கப்பட்டது. முனையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே நிற்கும் வண்டிகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், விமான நேரங்களோடும் அவை பொருந்தவில்லை. பயணிகள் வரவில்லை. இதைக் காட்டி ரயிலுக்கு வரவேற்பில்லை என்று முடிவுகட்டினால் தவறு. நாளுக்கு நாலைந்து முறை மட்டும் வரும் வண்டியை நம்பி யாரும் வேலையையும் விமானத்தையும் திட்டமிட மாட்டார்கள். நகர ரயிலில் பயணி வாங்குவது அடுத்த வண்டி சீக்கிரம் வரும் என்ற உறுதியைத்தான். வேகத்தால் ஐந்து நிமிடம் மிச்சமாவதைவிட, காத்திருப்பு ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைவது அவருக்குப் பெரிது.

தேவையும் உண்டு, நிலமும் உண்டு, கடன் தர ஆளும் உண்டு என்றால் சிக்கல் எங்கே? திட்டத்தைச் செயல்படுத்தும் கே-ரைடு நிறுவனத்தின் அமைப்பில். அதில் கர்நாடக அரசுக்கு 51 விழுக்காடு, ரயில்வே அமைச்சகத்துக்கு 49 விழுக்காடு. கூட்டு நிறுவனம் என்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. மெட்ரோவை நடத்தும் நிறுவனமும் மத்திய, மாநில அரசுகள் சம பங்கு வைத்திருக்கும் கூட்டு நிறுவனம்தான். ஆனால் மெட்ரோவின் நிலமும் தண்டவாளமும் மெட்ரோவுடையவை. அதன் வண்டிக்கு வழிவிட இன்னொரு துறையின் ஒப்புதல் தேவையில்லை. கே-ரைடு கட்ட வேண்டியது ரயில்வேயின் நிலத்தில், ரயில்வேயின் ஓடும் பாதைகளுக்குப் பக்கத்தில், ரயில்வே ஒப்புக்கொள்ளும் வரைபடத்தின்படி. பெரும்பான்மைப் பங்கு ஒருவரிடமும் நிலத்தின் சாவி இன்னொருவரிடமும் இருக்கிறது. இதன் விளைவுகள் வரிசையாக வந்தன. ரயில்வே அனுபவமுள்ள முழுநேர நிர்வாக இயக்குநர் யார் என்ற இழுபறியிலேயே சில ஆண்டுகள் போயின. கூடுதல் பொறுப்பாக அதிகாரிகள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டார்கள். ரயில் பெட்டிகளைத் தனியாரிடமிருந்து குத்தகைக்கு எடுக்கும் யோசனை பலிக்காமல், சொந்தமாக வாங்கும் முடிவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மல்லிகே, கனக வழித்தடங்களின் கட்டுமானப் பணியை எடுத்திருந்த எல் அண்ட் டி நிறுவனம், நிலம் உரிய நேரத்தில் கைக்கு வரவில்லை என்று காரணம் காட்டி 2025-ல் விலகியது. இதற்கிடையே, நகரத்தைச் சுற்றி 287 கிலோமீட்டருக்கு ஒரு வட்டப் பாதை போடுவது பற்றி ரயில்வே இணை அமைச்சர் வி. சோமண்ணா 2024-லிருந்து பேசிவருகிறார். உள்ளே இருக்கும் 148 கிலோமீட்டருக்கு வழி தெரியாதபோது வெளியே 287 கிலோமீட்டரை அறிவிப்பதில் அரசியல் லாபம் இருக்கலாம். பயணிக்கு அதில் ஒரு வண்டியும் கூடவில்லை.

பிற நகரங்களின் அனுபவம் இந்த வாதத்தை இன்னும் தெளிவாக்குகிறது. மும்பையில் மின்சார ரயில் 1925-ல் ஓடத் தொடங்கியது. இன்று நாளொன்றுக்கு எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட பயணங்கள் அதில் நடக்கின்றன. அங்கேயும் 1999-ல் மும்பை ரயில் விகாஸ் கழகம் என்ற கூட்டு நிறுவனம் உருவானது. அதில் விகிதம் தலைகீழ்: ரயில்வேக்கு 51, மகாராஷ்டிரத்துக்கு 49. கழகம் பாதைகளைக் கூட்டுகிறது, மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் வண்டிகளை ஓட்டுகின்றன. ஒரு வண்டி தாமதமானால் யாரைக் கேட்பது என்று மும்பைக்காரருக்குக் குழப்பம் இல்லை. ஹைதராபாத் வேறு பாடம் சொல்கிறது. அங்கே 2003-ல் தொடங்கிய எம்எம்டிஎஸ் என்ற புறநகர் வண்டிகள் நெடுந்தொலைவு ரயில்கள் போகும் அதே தண்டவாளத்தில் இடம் தேடுகின்றன. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்கும் வண்டியை நம்பியிருந்த பயணி மெட்ரோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் மாறிவிட்டார். இரண்டாம் கட்டம் மாநிலப் பங்குத் தொகை பற்றிய தகராறில் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. டெல்லி, காசியாபாத், மீரட் நகரங்களை இணைக்கும் 82 கிலோமீட்டர் நமோ பாரத் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 30,274 கோடி ரூபாய்த் திட்டம் அது. 2019 மார்ச்சில் அடிக்கல், 2023 அக்டோபரில் முதல் பகுதி திறப்பு. அதற்கென்று அமைந்த நிறுவனத்தில் மத்திய அரசின் பங்கு பாதி. நான்கு மாநிலங்கள் மீதிப் பாதியைப் பகிர்ந்துகொள்கின்றன. நான்கு மாநிலங்கள் சேர்ந்த இடத்தில் முடிந்த வேலை, ஒரே மாநிலம் இருக்கும் இடத்தில் முடியவில்லை என்றால், வித்தியாசம் மத்திய அரசு தோள் கொடுத்த அளவில்தான் இருக்கிறது.

நகரப் போக்குவரத்து மாநிலத்தின் கவலை, நாடு முழுவதற்குமான ரயில்வே ஒவ்வொரு நகரத்துக்கும் உள்ளூர் வண்டி விட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது ரயில்வே தரப்பின் முதல் மறுப்பு. அரசியல் சட்டப்படி ரயில்வே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ரயில்வே நிலத்தில் கர்நாடகம் தன் விருப்பப்படி ஒரு ஜல்லியைக்கூடக் கொட்ட முடியாது. அதிகாரத்தை முழுவதும் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் மாநிலத்திடம் தள்ளுவது நியாயம் ஆகாது. தவிர, புறநகர் ரயில் உள்ளூர் விவகாரம் மட்டும் அல்ல. நகரத்துக்குள் இருக்கும் பாதைகளில் பாசஞ்சரும் எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்பதால்தான் வெளியூர் வண்டிகள் பெங்களூருவின் வாசலில் காத்துக்கிடக்கின்றன. உள்ளூர்ப் பயணிக்குத் தனிப் பாதை கிடைத்தால் சென்னைக்கும் கோவைக்கும் போகிற வண்டிக்கும் வழி கிடைக்கும். வந்தே பாரத்தின் வேகம் நகர எல்லையில் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் முதலில் விடுவிக்க வேண்டியது இந்த நெரிசலைத்தான்.

மெட்ரோ விரிகிறதே, பிறகு எதற்கு இன்னொன்று என்பது இரண்டாவது மறுப்பு. மெட்ரோ நகரத்துக்குள் குறுகிய தூரம் போகிறவருக்கு ஏற்றது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போவதற்கு அது செலவு மிகுந்த வழி. 2025 பிப்ரவரியில் அதன் கட்டணம் ஏற்றப்பட்டு, உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராமநகரத்திலிருந்தோ மாலூரிலிருந்தோ வரும் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அது விடையாகாது. நகரத்தில் வாடகை தாங்காமல் வெளியே போனவர்கள்தான் அதிக தூரம் பயணிக்கிறார்கள், குறைவாகச் சம்பாதிக்கிறார்கள். அவர்களை மெட்ரோ நிலையம் வரை கொண்டுவந்து சேர்ப்பது புறநகர் ரயிலின் வேலை. ஒன்று மற்றொன்றின் பயணிகளைப் பறிக்காது, கூட்டித் தரும்.

இழப்பைச் சுட்டும் மூன்றாவது மறுப்புதான் கனமானது. பயணிகள் டிக்கெட்டில் சராசரியாக 46 விழுக்காட்டைச் சலுகையாகத் தாங்குவதாக ரயில்வேயே சொல்லிவருகிறது. புறநகர் வண்டிகளில் இழப்பு இன்னும் அதிகம். சென்னையில் 1995-ல் ரயில்வே தொடங்கிய பறக்கும் ரயிலை இப்போது மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு நடக்கும்போது, பெங்களூருவில் மட்டும் ரயில்வே சிறப்பாக நடத்திவிடுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பறக்கும் ரயில் பல ஆண்டுகள் காலியாக ஓடியதற்குக் காரணம், பிரம்மாண்டமான நிலையங்களைக் கட்டிவிட்டு அவற்றின் வாசலுக்குப் பேருந்தும் நடைபாதையும் வராததுதான். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டரில் சில நூறு மீட்டர் நிலத்துக்கான வழக்கு, பாதை முழுவதையும் பத்தாண்டுகளுக்கு மேல் முடக்கியது. தண்டவாளம் ரயில்வேயின் வேலை. நிலம் எடுத்துத் தருவதும் பேருந்தை நிலையத்துக்குத் திருப்புவதும் மாநிலத்தின் வேலை. இந்தப் பிரிவினை தெளிவாக இல்லாத இடத்தில் யார் நடத்தினாலும் தோல்விதான். அதே சென்னையில் 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடும் மின்சார ரயில், நகரத்தின் முதுகெலும்பாக இருப்பதையும் மறக்கக் கூடாது. இழப்பைப் பொறுத்தவரை, மேம்பாலத்திடமும் சுரங்கச் சாலையிடமும் யாரும் லாபக் கணக்குக் கேட்பதில்லை. கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடி போட்டுக் காருக்கு வழி செய்யும்போது வராத கவலை, அதில் பத்தில் ஒரு பங்கில் தொழிலாளிக்கு வழி செய்யும்போது மட்டும் வருவது பொருளாதாரத்தால் வருவதல்ல.

ஆகவே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, புறநகர் ரயிலைக் கட்டி ஓட்டும் பொறுப்பை மும்பை மாதிரியில் ரயில்வே ஏற்க வேண்டும். நிலம் கையகப்படுத்தல், பேருந்து இணைப்பு, நிலையங்களைச் சுற்றிய சாலைகள் ஆகியவற்றை மாநிலம் எழுத்துப்பூர்வமாக, தேதி குறித்து ஏற்க வேண்டும். 15,767 கோடியில் மத்திய அரசின் 20 விழுக்காடு என்பது ஏறத்தாழ 3,150 கோடி. ரயில்வேயின் ஓராண்டு மூலதனச் செலவில் ஒன்றேகால் விழுக்காடுகூட இல்லை. அதை உயர்த்திக்கொள்வது ரயில்வேக்குச் சுமையாகாது. இரண்டாவதாக, தனிப் பாதை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பையப்பனஹள்ளி - ஓசூர், யஷ்வந்த்பூர் - சன்னசந்திரா இரட்டைப் பாதைப் பணிகளையும், கன்டோன்மென்ட் - ஒயிட்ஃபீல்டு நான்கு வழிப் பாதைப் பணியையும் முடித்து, மெமு என்ற குறுந்தூர மின்சார வண்டிகளைக் கூட்ட வேண்டும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள மெமுவுக்கு எஞ்சினை மாற்றிக் கோக்க வேண்டியதில்லை. நின்று கிளம்புவதிலும் வேகம். பழைய முறையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். தானியங்கி சிக்னல் வந்தால் அதே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வண்டிகளை விடலாம். அலுவலக நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பது அடைய முடியாத இலக்கு அல்ல. மூன்றாவதாக, மாநில எல்லையில் திட்டத்தை நிறுத்தக் கூடாது. கனக வழித்தடம் ஹீலலிகேயில் முடிகிறது. அங்கிருந்து ஓசூர் அதிகத் தொலைவில் இல்லை. தினமும் அத்திப்பள்ளி வழியாகப் போய்வரும் இரு மாநிலத் தொழிலாளர்களுக்கும் நெடுஞ்சாலை நெரிசல்தான் இன்று கதி. மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் நிலையமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பக்கத்து வளர்ச்சிக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று புரியும். இந்த இரண்டு மாநிலங்களுக்கு இடையே ரயிலை ஓட்டிவரும் அமைப்பு ரயில்வேதான் என்பதால், முதல் பரிந்துரைக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த நிதிநிலை அறிக்கையிலும் ரயில்வேக்குப் பெரிய தொகை வரும், புதிய வந்தே பாரத்துகளின் பட்டியலும் வரும். கர்நாடக நாடாளுமன்ற உறுப்பினர்களும், ஓசூரைச் சார்ந்த தமிழக உறுப்பினரும் அன்று கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: பெங்களூரு புறநகர் ரயிலுக்கு இந்த ஆண்டு ரயில்வே தரும் தொகை எவ்வளவு, காலை நேர மெமு வண்டிகள் எத்தனை கூடும், தாமதமானால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரே ஒரு பதவியின் பெயர் பதிலாக வராதவரை, முதல் இரண்டுக்கும் கிடைக்கும் எண்களை நம்புவதற்கில்லை.